நாலு விரல்

தான் சொன்னதில் பாதியை மொழிபெயர்க்க வந்த பெண் விழுங்கிவிட்டாள் என்றே தையல்காரருக்குப் பட்டது. அவர் ஒரு முழம் பேசினால், அதிகாரியிடம் போய்ச் சேர்ந்தது ஒரு சாண். வாடிக்கையாளர் துணியில் மிச்சம் பிடித்தே பழகியவர். கத்தரி எங்கே விழுகிறது என்று அவருக்கா தெரியாது?

புகலிட மனு விசாரணை. இரண்டு வருடம் காத்திருந்து வந்த நாள். மனு நின்றால் பெண்டாட்டி பிள்ளையோடு இங்கேயே இருக்கலாம். விழுந்தால் பின்வாசலில் கம்பி ஜன்னல் வண்டி, தடுப்பு முகாம், அப்புறம் விமானம். முன்பு எழுதிக்கொடுத்த வாக்குமூலத்துக்கும் இன்றைய பேச்சுக்கும் ஒரு நூல் பிசகினாலும் ஆள் பொய்யர் என்று முடித்துவிடுவார்களாம்.

போதாக்குறைக்குச் சகலை வேறு காலையிலேயே காதைக் கடித்திருந்தார். சகலைக்குத் தெரியாத சட்டம் இல்லை. ஜெயித்த வழக்குதான் ஒன்றும் இல்லை.

"மொழிபெயர்க்க வர்றவங்க எல்லாம் அவங்க ஆளுங்க சகலை. சம்பளம் யாரு குடுக்கறாங்க, யோசிங்க. ஒரு வார்த்தையை மாத்திப் போட்டு விமானம் ஏத்தி விட்ருவாங்க."

"அவரு பேச்சைக் கேட்டு உள்ள போயி எதையாவது கிளப்பி வைக்காதீங்க. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க" என்றாள் வெளிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த மனைவி. மனைவி சொன்னதை என்றைக்குக் கேட்டார், இன்றைக்குக் கேட்க?

"அன்னிக்கு நடந்ததைச் சொல்லுங்க" என்றாள் மொழிபெயர்க்கும் பெண். முகத்தைப் பார்த்துக் கேட்டால் என்னவாம்? அவருடைய பழைய வாக்குமூலத்தை எதிரே விரித்து, வரிவரியாக விரலை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"மத்தியானம். சோத்துல கை வச்சேன். கதவை உடைச்சுக்கிட்டு வந்தாங்க. என் தம்பியை முடியைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போனாங்க. அவ்வளவுதான், அப்புறம் அவனை நாங்க பாக்கவே இல்ல."

"எத்தனை பேர் வந்தாங்கன்னு கேக்கறார்."

"நாலு பேர்."

விரல் ஓரிடத்தில் நின்றது. அவள் அதிகாரியிடம் திரும்பிச் சொன்னாள்: ஆறு.

இந்த நாட்டு மொழி தையல்காரருக்குத் தெரியாதுதான். ஆனால் ஒரு கடையின் பின்னறையில் மார்பளவும் இடுப்பளவும் எழுதி எழுதி, எண்கள் மட்டும் தண்ணீர் பட்ட பாடு. சகலை சொன்னது பலித்துவிட்டது. ஆனாலும் அவர் அசையவில்லை. கையும் களவுமாகப் பிடிக்க நேரம் பார்த்திருந்தார்.

நேரம் தானாக வந்தது.

"கடைசியா ஒண்ணு. நான் மொழிபெயர்த்ததுல உங்களுக்குக் குறை எதுவும் இருக்கான்னு கேக்கறார். இல்லைன்னா இங்க கையெழுத்துப் போட்டுருங்க." பேனாவை அவசரமாக நீட்டினாள். அந்த அவசரம் ஒன்று போதாதா?

திருட்டைத் திருடியிடமே சொல்லி அனுப்புவார்களா? தையல்காரர் வாயைத் திறக்கவில்லை. அதிகாரிக்கு நேராக நாலு விரலை உயர்த்தி, தன் நெஞ்சைத் தொட்டார். பிறகு ஆறு விரலைக் காட்டி, அவளைச் சுட்டினார். விளங்காமல் போய்விடக் கூடாதே என்று இன்னொரு தரமும் காட்டினார்.

அதிகாரிக்கு விளங்கிவிட்டது. ஒலிப்பதிவுக் கருவியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். தையல்காரரின் கையைக் குலுக்கி நன்றி சொல்லிவிட்டு, கோப்பைத் தூக்கிக்கொண்டு வேறு மொழிபெயர்ப்பாளரை அழைத்துவரப் போனார்.

தையல்காரர் காலை நீட்டிச் சாய்ந்து உட்கார்ந்தார். "ஏம்மா, நம்ம பாஷை பேசிக்கிட்டே எங்க வயித்துல அடிக்கலாமா?"

அவள் பேனாவை மூடிப் பைக்குள் வைத்தாள்.

"முதல் வாக்குமூலத்துல நீங்க ஆறுன்னு சொல்லியிருக்கீங்கண்ணே."