உனக்கு மட்டும்தான் சொல்றேன்

"கர்ட், காதைக் கொண்டா. உனக்கு மட்டும்தான் சொல்றேன். உன் தம்பிக்குத் தெரியவே கூடாது."

சாகக் கிடக்கிற மனுஷன் பேசுற பேச்சா இது? கையில் காபியோடு கதவருகே நின்ற எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆர்விட், என் அக்கா மார்லிஸின் கணவர். மினசோட்டாவில் எங்கள் ஏரிக்கரை ஊரில் அவரைத் தெரியாதவர் கிடையாது. காடு, ஏரி, கூடாரம், இதுதான் அவர் உலகம். கல்யாணமான மறுநாளே அக்காவைக் காட்டுக்குள் கொசுக்கடியில் படுக்க வைத்த புண்ணியவான். ஊரே வெறுங்கையோடு திரும்பும் நாளிலும் அவர் வாளியில் மீன் துள்ளும். எங்கே பிடித்தீர்கள் என்று கேட்டால், "தண்ணியில" என்பார்.

அந்த ரகசிய இடத்தைத்தான் இப்போது பெரிய மகனுக்கு மட்டும் சொல்கிறார்.

"வடக்கு மூலை, கோரைப்புல் மண்டிக் கிடக்கே, அங்கதான். ஒண்ணுமில்லாத இடம்னு ஊரே நினைக்குது. நினைச்சுக்கட்டும். மீன்பிடி சீசன் தொடங்குற அன்னிக்கு விடியறதுக்குள்ள போயிடு. உச்சி வெயில் வரைக்கும் நகராதே."

ஏற்கெனவே அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை நின்று பல வருஷம். ஒரே மான் மேல் இரண்டு பேர் குண்டும் பாய்ந்துவிட்டது. யாருடைய மான் என்று காட்டில் ஆரம்பித்த சண்டை, கிறிஸ்துமஸுக்கு அக்கா இரண்டு பந்தி வைக்கிற அளவுக்கு முற்றிவிட்டது. இந்த லட்சணத்தில் அப்பாவே ஓரவஞ்சனை செய்தால்?

அக்காவிடம் பொருமினேன். "உன் வீட்டுக்காரர் போற நேரத்துலயும் குடும்பத்தை ரெண்டாக்கிட்டுப் போறார்."

"நீ வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இரு" என்று அழுதாள்.

மார்ச்சில் அத்தான் போய்ச் சேர்ந்தார். அடக்கம் முடிந்து சர்ச்சின் கீழ்த்தளத்தில் சாப்பாடு. ஹாம் சாண்ட்விச்சும் காபியுமாக ஆளுக்கொரு ஆர்விட் கதை.

"ஒரு தடவை கரடி கூடாரத்துக்குப் பக்கத்துல வந்துடுச்சு. இவர் விட்ட குறட்டையில அதுவே ஓடிப்போச்சு!" என்றார் பக்கத்து வீட்டு லாய்ட். எல்லோரும் சிரித்தார்கள். பிள்ளைகள் மட்டும் இந்தக் கோடியில் ஒருவன், அந்தக் கோடியில் ஒருவன்.

"மீன் பிடிக்கிற இடத்தை உங்ககிட்டயாவது சொன்னாராடா?" என்று அவர்களைக் கேட்டார் லாய்ட்.

"இல்லையே" என்றான் கர்ட். தம்பி டேரிலும் உதட்டைப் பிதுக்கினான். சின்னவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

மே மாதம் சீசன் தொடங்கியது. அன்று மத்தியானம் அக்கா வீட்டுச் சமையலறையில் இருந்தேன். கதவைத் தள்ளிக்கொண்டு கர்ட் வந்தான். பின்னாலேயே டேரில்! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"சித்தி, இந்த அப்பா பண்ணின வேலையைப் பார்த்தீங்களா? எனக்குச் சொன்னதையே இவனுக்கும் சொல்லியிருக்கார். அதுவும் 'உனக்கு மட்டும்தான்'னு!"

"நான் போறேன், இருட்டுல எனக்கு முன்னாடி ஒரு படகு. யாருடான்னு டார்ச் அடிச்சா, இந்த மூஞ்சி!" என்றான் டேரில்.

"திரும்பி வந்துட வேண்டியதுதானே?" என்றேன்.

"நான் கிளம்பினா மீனெல்லாம் இவனுக்குப் போயிடாதா?"

"நானும் அதனாலதான் நகரல" என்றான் கர்ட்.

"உச்சி வெயில் வரைக்கும் உம்முன்னா உட்கார்ந்திருந்தீங்க?"

"கொஞ்ச நேரம் அப்படித்தான். இவன் குளிர்ல வெடவெடன்னு நடுங்கினான். மனசு கேக்கல, காபி குடுத்தேன்."

"அது காபியா? கழனித்தண்ணி!"

"குடிச்சியே!"

"அப்புறம்?" என்றேன்.

டேரில் தலையைக் குனிந்துகொண்டான். "அப்பாவைப் பத்திப் பேச ஆரம்பிச்சோம் சித்தி. நிறுத்த முடியல. இவன் அழுதுட்டான்."

"நீ மட்டும் சிரிச்சியாக்கும்!"

"அது சரி, மீன் எங்கடா?"

"ஒண்ணுகூட மாட்டல. விடுறதா இல்ல, நாளைக்கும் போறோம். ஒரே படகுல."

மேஜையில் இருந்ததையெல்லாம் காலி பண்ணிவிட்டு, ஒருவனையொருவன் தோளால் இடித்துக்கொண்டு கிளம்பினார்கள். அக்கா ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே நின்றாள். கண் நிறைந்திருந்தது. எனக்கும்தான்.

"ஏன்க்கா, அத்தான் வாளி வாளியா அள்ளின இடம். ஒரு மீன்கூடவா மாட்டாது?"

அக்கா வாசல் பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"பசங்ககிட்ட உளறிடாதே. அவர் அள்ளின இடம் வேறடி. வடக்கு மூலையில என்னிக்குமே மீன் கிடையாது."