சீட்டின் உயரம்

கூடத்துச் சுவரில் சாய்ந்திருக்கும் பந்தய சைக்கிளின் சக்கரக் கம்பிகளில் காலை வெயில் மினுங்குகிறது. டிராக்கிலும் சாலையிலும் பன்னிரண்டு வருடம் பந்தயம் ஓட்டியவன், மூன்று மாதத்துக்கு முன் சாலைப் பந்தயம் ஒன்றில் விழுந்து இறந்துபோனான். அவனுடைய டிராக் சைக்கிளை அவன் குழுவில் புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு இன்று அவன் மனைவி கொடுக்கிறாள். சீட்டுக்குக் கீழே தண்டில் சிவப்பு டேப் சுற்றியிருக்கிறது. அவன் கால் நீளத்துக்குக் குழுவின் மெக்கானிக் அளந்து வைத்த அடையாளம் அது. சட்டைகளைக் கொடுத்தாயிற்று, ஷூக்களைக் கொடுத்தாயிற்று. அவன் அளவில் இந்த வீட்டில் மிச்சமிருப்பது இந்த உயரம் ஒன்றுதான். குள்ளமான அந்தப் பெண்ணுக்காகச் சீட்டை இறக்க, கூட வந்திருக்கும் மெக்கானிக் ஸ்பேனரை எடுத்ததும் மனைவியின் கை தானாகச் சீட்டின் மேல் போய்ப் படிகிறது. அதைப் பார்த்துவிட்ட பெண், "இருங்கண்ணே, எனக்கு இதுவே சரியா இருக்கும்," என்று தாவி ஏறுகிறாள். கீழ்ப் பெடலுக்கு அவள் கால்விரல்கூட எட்டவில்லை. இடுப்பு ஒரு பக்கம் சரிகிறது. "ரொம்ப சுகமா இருக்குக்கா." "ஆமாமா, மரத்துல மாட்டிக்கிட்ட பூனை மாதிரி," என்று முணுமுணுத்தபடி மெக்கானிக் ஸ்பேனரைப் பைக்குள் போட்டுக்கொள்கிறார். பொய் சொல்லும் அந்தப் பெண்ணின் முகத்தில் தெய்வம் வந்து நிற்பதுபோல் இருக்கிறது. பன்னிரண்டு வருடம் அவன் முட்டிக்குத் தைலம் தேய்த்துவிட்ட மனைவிக்கு இது பொய் என்று தெரியாதா? "இறங்கும்மா. இப்படி ஓட்டினா முட்டி போயிடும். இறக்கிடுங்கண்ணே," என்று சொல்லிவிட்டு, மறுபடி சீட்டின் மேல் கை வைக்கிறாள். ஸ்பேனர் திரும்புகிறது. டேப் கிழிந்து சுருள, சீட் மெல்ல இறங்குகிறது. அவள் கை மட்டும் பழைய உயரத்திலேயே நிற்கிறது.