நோட்டீஸ் யாருக்கு?

"மறுபடியும் நீங்களா?"

வருவாய் ஆய்வாளர் அருணாதேவிக்கு அந்த முகத்தைப் பார்த்ததுமே தலை வலித்தது.

அப்பாதுரை. மூன்று மாதத்தில் இது ஆறாவது மனு.

"கால்வாயை அடைச்சு வீடு கட்டியிருக்காங்கம்மா. மழை பேஞ்சா ஏரிக்குத் தண்ணி போவல. கீழ காலனியில முழங்கால் அளவு நிக்குது."

"அங்க எட்டு வீடு இருக்குங்க. நீங்க மட்டும் ஒரே ஒரு சர்வே நம்பரையே எழுதறீங்க. ஏன்?"

"அதுலேர்ந்து ஆரம்பிங்கன்னுதான்."

"அந்த வீட்டுக்காரரோட என்ன தகராறு? வரப்புச் சண்டையா?"

அவர் சிரித்தார். அது அவளுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

எப்போதும் இதே கதைதான். ஊரில் ஒருத்தருக்கும் ஏரி மேல் அக்கறை கிடையாது. பக்கத்து வீட்டுக்காரன் மாடி கட்டினால் மட்டும் தண்ணீர் மேல் திடீர்ப் பாசம் பொங்கிவிடும்.

மனுஷன் விடவில்லை. திங்கட்கிழமை வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசுக்கே போய், கலெக்டரிடமே மனுவை நீட்டிவிட்டார். மேலேயிருந்து போன் வந்தது. வேறு வழியில்லாமல் சர்வேயரோடு கிளம்பினாள்.

கிரிவலப் பாதையைத் தாண்டி, உள்ளே ஒரு தெரு. புதுப் பெயின்ட் அடித்த மாடி வீடு. சர்வேயர் வரைபடத்தைப் பார்த்துப் பார்த்து டேப்பை இழுத்தார்.

"மேடம், ஹாலு, சமையல்கட்டு ரெண்டுமே கால்வாய்லதான் இருக்கு."

அருணாதேவி அப்பாதுரையைத் திரும்பிப் பார்த்தாள். "ஒருத்தர் குடியிருக்கிற வீடு. இதை இடிக்க வச்சுட்டு நிம்மதியா தூங்குவீங்களா?"

"தூங்குவேம்மா."

என்ன ஜென்மமோ! வீட்டுக்காரர் பெயர் மட்டும் எழுதாத நோட்டீஸையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினாள்.

கதவைத் திறந்த அம்மாள் அவளைத் தாண்டி அப்பாதுரையைப் பார்த்தாள். "ஏங்க, வந்துட்டாங்களா? சாமானெல்லாம் கட்டட்டுமா?"

அருணாதேவி சட்டென்று அப்பாதுரை பக்கம் திரும்பினாள்.

"இது... உங்க வீடா?"

"ஆமாம்மா. சொன்னா, கெழவனுக்குப் புத்தி கெட்டுப்போச்சுன்னு வந்திருக்கவே மாட்டீங்க."

"நீங்களே இடிச்சிருக்கலாமே!"

"நானா இடிச்சா மத்த ஏழு பேரும் வேடிக்கை பார்த்துட்டுக் கதவைச் சாத்திக்குவாங்க. கவர்மென்ட்டு இடிச்சாத்தான், அடுத்தது நம்மளுதுன்னு பயம் வரும்."

அவள் கையிலிருந்த பேனாவுக்காகக் கையை நீட்டினார்.

"எங்கம்மா கையெழுத்துப் போடணும்?"