காய் பிடிக்கக் கூடாது

ஆறு பைகளைப் பிரித்தாயிற்று. ஒன்றிலும் காய் இல்லை.

தக்காளிச் செடி முன் நின்ற அக்கா அடுத்த பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வகுப்பிலிருக்கும் இருபது வயதுப் பிள்ளைகளுக்கெல்லாம் அவள் அக்காதான். மரபியலும் பயிர்ப்பெருக்கமும் என்ற இந்த ஒரு பாடத்தில் மட்டும் இரண்டு முறை மண்ணைக் கவ்வியிருக்கிறாள். இது மூன்றாவது. இதிலும் போனால் படிப்புக்கே முழுக்குப் போட வேண்டியதுதான்.

பரீட்சை என்னவோ கேட்பதற்குச் சுலபம். விரியாத பூக்கள் பத்தில் மகரந்தப் பைகளை இடுக்கியால் கிள்ளி எடுத்துவிட்டு, காகிதப் பை போட்டு மூட வேண்டும். பத்து நாள் கழித்துப் பிரித்துப் பார்ப்பார்கள். மகரந்தம் துளிகூட மிஞ்சாமல் எடுத்திருந்தால் காய் பிடிக்காது. ஒரே ஒரு காய் பிடித்திருந்தாலும் ஃபெயில்.

"ஊரே செடி காய்க்கணும்னு வேண்டுது. காய்க்கக் கூடாதுன்னு வேண்டுறவ நீ ஒருத்திதான்டி!" காலையில் புருஷன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

தேர்வாளருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் பூதக்கண்ணாடி. மனுஷன் ஏழாவது பையின் நூலை நிதானமாக அவிழ்த்தார்.

வெறும் பை.

எட்டு, ஒன்பது, பத்து. எதிலும் இல்லை. அப்பாடா! யாரையாவது ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

ஆனால் பூதக்கண்ணாடி பேனாவைத் திறக்கவில்லை. ஏழாவது பையைத் திரும்ப எடுத்துக் கவிழ்த்து உதறினார். குனிந்து செடியடியில் தேடினார்.

"செடி காய்க்கிற நிலைமையில இருக்கான்னு பார்க்க, இந்தத் தடவை எல்லார் செடியிலயும் ஒரு பூவுக்கு யாருக்கும் சொல்லாம நானே மகரந்தம் தடவி வச்சேன்மா. உங்க செடியில ஏழாவது. மத்த ஒம்பதும் அப்பழுக்கில்லாம செஞ்சிருக்கீங்க. அந்தக் காய் எங்கம்மா போச்சு?"

அக்காவின் கண் சாக்கடைப் பக்கம் போனது.

நேற்று தண்ணீர் ஊற்றுகிற சாக்கில் ஒவ்வொரு பையாகத் திறந்து பார்த்தவள், பட்டாணி அளவில் தொங்கிய அந்தக் காயைக் கண்டதும் குலை நடுங்கிப் போனாள். கிள்ளிச் சாக்கடையில் எறிந்துவிட்டு, நூலைப் பழையபடி கட்டி வைத்தாள்.

தன் கைதான் பிசகிவிட்டது என்று நினைத்தாளே, பாவி!