இருபத்து நாலாவது ரவுண்டு

"இவங்கள மாதிரி மட்டும் ஓடாதீங்கன்னு நாளைக்குப் பசங்களுக்குப் போட்டுக் காட்டப் போறேன்" என்று, புதிதாக வந்திருந்த பி.டி. மாஸ்டர் தன் கைப்பேசியை ஸ்டாஃப் ரூம் மேஜை நடுவில் தண்ணீர் ஜாடியின் மேல் சாய்த்து வைத்தார்.

மதியச் சாப்பாட்டு நேரம். எல்லோர் தலையும் அந்தப் பக்கம் திரும்பியது.

படம் பதினோரு விநாடிதான்.

பத்தாயிரம் மீட்டர் ஓட்டத்தின் இறுதிப் போட்டி, மொத்தம் இருபத்தைந்து ரவுண்டு. ஒல்லியான ஒரு பெண், மற்றவர்களை முப்பது மீட்டர் பின்னால் விட்டுவிட்டுப் பாய்ந்து வந்து கோட்டைத் தாண்டுகிறாள். நிற்கிறாள். இரண்டு கைகளையும் தூக்குகிறாள். மணி அடிக்கிறது. தன் வெற்றிக்குத்தான் அடிக்கிறார்கள் என்று நினைத்து, மணி அடிப்பவருக்கே குனிந்து ஒரு கும்பிடு போடுகிறாள்.

அது கடைசி ரவுண்டுக்கான மணி. இன்னும் நானூறு மீட்டர் பாக்கி.

அவள் நிமிர்வதற்குள் இரண்டு பேர் அவளைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

பி.டி. மாஸ்டர் புரையேறும் அளவுக்குச் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. ஆளாளுக்கு டிபன் பாக்ஸுக்குள் எதையோ தீவிரமாகத் தேட ஆரம்பித்தார்கள்.

கணக்கு டீச்சர்தான் எழுந்து வந்தாள். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கைப்பேசியை எட்டிப் பார்த்தாள்.

"அந்தக் கும்பிடுதான் சார் அருமை. முந்தின நாள் கண்ணாடி முன்னாடி நின்னு ஒத்திகை பார்த்தது."

பி.டி. மாஸ்டர் படத்தைப் பார்த்தார். டீச்சரைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

அவரைத் தவிக்கவிடாமல் அவளே முழுக் கதையையும் சொல்ல ஆரம்பித்தாள். இருபத்தாறு வருடமாகச் சொல்லிச் சொல்லி மெருகேறிய கதை. எங்கே நிறுத்தினால் சிரிப்பு வரும் என்று அவளுக்கு அத்துப்படி.

ஓடியவள் கணிதம் படிக்கும் மாணவி என்பதை மறுநாள் பத்திரிகைகள் மறக்காமல் போட்டிருந்தன. கல்யாணத்துக்குத் தோழிகள் எல்லோரும் சேர்ந்து வாங்கிக் கொடுத்தது, குழந்தைகள் எண்ணிப் பழகும் ஒரு மணிச்சட்டம். இந்தப் பள்ளிக்கூடத்து நேர்முகத் தேர்வில் கேட்ட முதல் கேள்வி, இருபத்தைந்து வரை எண்ணத் தெரியுமா என்பது. இப்போதும் வகுப்பில் யாராவது கூட்டலில் தப்பு விட்டு அழுதால், நான் நாடு பார்க்கத் தப்பு விட்டவள், நீ என்னத்துக்கு அழுகிறாய் என்பாள்.

ஸ்டாஃப் ரூம் குலுங்கியது.

அவள் சொல்லாமல் விட்டதும் ஒன்று உண்டு. அந்தக் கடைசி ரவுண்டையும் அவள் ஓடித்தான் முடித்தாள். நின்ற கால் மறுபடி கிளம்ப மறுத்தது. தொடை இரண்டும் மரக்கட்டை. ஏழாவது இடம். முதல் மூன்று பேர் மறுமாதம் நாட்டின் சார்பில் வெளிநாடு போனார்கள். அதற்கென்று அவள் வாங்கி வைத்திருந்த புதுப் பெட்டியோடு ஊருக்கு பஸ் ஏறினாள். அப்புறம் எந்தப் பந்தயத்திலும் ஓடவில்லை.

அந்தப் பகுதியில் சிரிப்பு வராது. அதனால் அதை யாருக்கும் சொல்வதில்லை.

உயிர் திரும்பி வந்த பி.டி. மாஸ்டர், கண்ணைத் துடைத்துக்கொண்டு சாதாரணமாகத்தான் கேட்டார்.

"ஆனா டீச்சர், இருபத்தஞ்சு ரவுண்டை ஓடுறவங்களே எண்ண முடியாதே. ஓரமா நின்னு எண்ணிச் சொல்ல உங்களுக்கு ஆள் யாரும் இல்லையா?"

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த நூலகர் டிபன் பாக்ஸைக் கீழே வைத்தார். அவர் டீச்சரின் கணவர். ஒரே ஸ்கூட்டரில் வந்து, ஒரே ஸ்கூட்டரில் போகிறவர்கள். நூலகம் அவருக்குப் பொருத்தமான இடம். வாயைத் திறந்து பேசி யாரும் அதிகம் பார்த்ததில்லை.

இப்போது திறந்தார்.

"அது வந்து..."

டீச்சர் விடவில்லை. "இருந்தார் சார்! வளைவுல நின்னு, 'இன்னும் ரெண்டு ரவுண்டு இருக்கு, ரெண்டு ரவுண்டு இருக்கு'ன்னு தொண்டை கிழியக் கத்தினார் பாவம். நான்தான் கணக்குப் படிச்ச திமிர்ல காதுல வாங்கல!"

சிரிப்பு கூரையைத் தொட்டது. பி.டி. மாஸ்டர் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

நூலகர் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, ஆறிப்போன சோற்றைப் பிசைந்தபடி இருந்தார்.

அன்று அந்த வளைவில் நின்ற கல்லூரித் தோழன், இருபத்து மூன்று ரவுண்டுக்கு நோட்டில் இருபத்து நாலு கோடு போட்டிருந்தான். இரண்டு கைகளையும் வாயருகே குவித்து அவன் கத்தியது, மைதானத்தின் அத்தனை இரைச்சலுக்கு நடுவிலும் அவளுக்குத் தெளிவாகவே கேட்டது.

"கடைசி ரவுண்டு! ஓடு!"