வால் வைத்த எழுத்து

அச்சுக்கடைக் கணினி மந்தமாகிவிட்டது, சுத்தம் செய்யப்போகிறேன் என்று மனைவியிடம் சொல்லியிருந்தான்.

பாதி உண்மை.

வேண்டாத எழுத்துருக்களை ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டிருந்தான்.

எத்தனை வருடச் சேர்மானம். யாராவது பென் டிரைவில் ஒன்றைக் கொண்டுவந்து, இந்த எழுத்தில்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பார்கள். ஏற்றிக்கொள்வான். அப்புறம் அவர்களும் வரமாட்டார்கள், அந்த எழுத்துக்கும் வேலை வராது. கட்சித் தட்டிக்கு ஒன்று, மதில் சுவர் மாதிரி தடித்தது. காதுகுத்துக்கு ஒன்று. மீன் ஏலக் கொட்டகைப் பலகைக்கு ஒன்று. இத்தனையையும் படித்து முடித்த பிறகுதான் கணினி அவன் பக்கம் திரும்பும்.

நீக்கவா?

ஆம்.

நீக்கவா?

ஆம்.

கொடி கொடியாக வளைந்த ஒன்று வந்தது. அண்ணன் கல்யாணப் பத்திரிகைக்குப் போட்டது. தொழில் கற்றுக்கொண்ட புதிது. அழகு என்று நினைத்து, எல்லா எழுத்துக்கும் வால் வைத்திருந்ததைத் தேடிப்பிடித்துப் போட்டிருந்தான். அண்ணன் அதைத்தான் ஊரெல்லாம் காட்டினான். அதன் பிறகு ஒருநாளும் அதை எடுத்ததில்லை.

நீக்கவா?

இல்லை.

அடுத்தது அது.

ஒல்லியான, வளைவில்லாத, நிமிர்ந்த எழுத்து. அந்தக் குப்பத்தில் யார் இறந்தாலும் கண்ணீர் அஞ்சலிப் போஸ்டர் அதில்தான். உயிரோடு இருக்கிறவர் பெயரை அவன் அதில் அடித்ததே இல்லை. பார்க்க நன்றாயிருக்கிறது என்று ஒருவர் புதுமனைப் புகுவிழாவுக்குக் கேட்டார். இவன் மாட்டேன் என்றான். அவர் கோபித்துக்கொண்டு டவுனுக்குப் போனார். போகட்டும் என்று விட்டுவிட்டான்.

அதை வேண்டாத எழுத்துரு என்று சொல்ல முடியாது. போன வாரம்கூட மூன்று பெயர்கள்.

நான்கு பேர் போன படகு. மூன்று பேரைக் கடல் திருப்பிக் கொடுத்தது, உயிரோடு அல்ல.

அண்ணனைக் கொடுக்கவில்லை.

தேடப்போன படகுகளெல்லாம் திரும்பிவிட்டன. இவன் மட்டும் இன்னும் தேடிக்கொண்டிருந்தான், மனசுக்குள். வேறு மாநிலத்துப் படகு ஏற்றிக்கொண்டு போயிருக்கும். பாஷை தெரியாத கரையில் யாரோ கஞ்சி ஊற்றிக்கொண்டிருப்பார்கள். அண்ணன் நீச்சலுக்குக் கேட்கவா வேண்டும்.

காலையில் பஞ்சாயத்தார் ஆள் அனுப்பியிருந்தார்கள். அண்ணனுக்கும் போஸ்டர் அடித்துவிடச் சொன்னார்கள். அவர்கள் கேட்டதில் தப்பில்லை என்று அவனுக்கும் தெரியும். கடலில் போனவனுக்குக் காரியம் முடிகிறவரை அந்த ஊர்ப் படகு ஒன்றும் மீன்பிடிக்க இறங்காது. தாத்தன் காலத்துக் கட்டுப்பாடு. போஸ்டர் ஒட்டினால்தான் காரியத்துக்கு நாள் குறிப்பார்கள்.

நீக்கவா?

ஆம்.

கணினியின் குப்பைத்தொட்டியையும் காலி செய்தான்.

வேறு எழுத்தில் அடிக்க முடியாதா என்றால், முடியும். அது தெரியாத மடையன் இல்லை அவன். ஆனாலும் நெஞ்சுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. இனி அண்ணன் பெயர் அந்த எழுத்தில் வராது.

போன வாரத்துப் போஸ்டரைத் திறந்து பார்த்தான். எழுத்துரு கிடைக்கவில்லை, வேறொன்றைப் போட்டிருக்கிறது என்றது கணினி. மூன்று பெயர்களும் ரேஷன் கடை அறிவிப்பு மாதிரி நின்றன. கூடப் போனவர்களுக்குத் துரோகம் செய்துவிட்டதாகப் பட்டது.

மூடினான்.

பஞ்சாயத்து ஆள் மறுபடி வந்தார். அந்த எழுத்து அழிந்துபோயிற்று, இப்போதைக்கு அடிக்க வழியில்லை என்று முகத்தைப் பார்க்காமல் சொன்னான். அவர் திரையைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

சற்றைக்கெல்லாம் அண்ணி வந்தாள்.

நெற்றியில் பொட்டு இருந்தது. தாலிக்கயிற்றில் மஞ்சள் அன்றைக்குப் பூசியது. நாற்காலியை இழுத்துப் போட்டான். அவள் உட்காரவில்லை.

"ஊருப் படகெல்லாம் கரையில கெடக்கு தம்பி. எல்லாம் புள்ளைங்க இருக்கற வூடு. நம்ம ஒரு வூட்டுக்காக எத்தன நாளைக்கு?"

அந்த எழுத்து இல்லை என்று அவளிடமும் சொன்னான். பொய் இல்லைதான்.

அவளுக்குக் கோபம் வரவில்லை. வாசல் வழியே கரைப்பக்கம் பார்த்தாள். ஏற்றிவைத்த படகுகளின் மேல் வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

"எங்க கல்யாணப் பத்திரிகை நீங்கதான அடிச்சீங்க. அந்த எழுத்து இருக்குமுல்ல. அதுல அடிங்க."

அவன் அழுதான். அடக்கி வைத்திருந்ததெல்லாம் வந்தது. அவள் அழவில்லை. அவன் முடிக்கிறவரை பக்கத்தில் நின்றாள்.

பிறகு பழைய கோப்பைத் தேடினான். கிடைத்தது.

மாசிலாமணி. பக்கத்தில் அமுதவல்லி. இரண்டு பெயர்களிலும் கடைசி எழுத்தின் வால் சுருண்டு கீழே இறங்கியிருந்தது. அப்போது அதற்காகவே அரை நாள் உட்கார்ந்திருந்தான்.

அண்ணி அவனுக்குப் பின்னால் நின்று படித்தாள். உதடு மட்டும் அசைந்தது.

புதிதாக அடிக்க வேண்டியதில்லை. பெயர் தயாராக இருந்தது. அண்ணன் பெயரை மட்டும் தேர்ந்தெடுத்தான். வழக்கம் போல விரல் பெயரை வெட்டியெடுக்கும் விசைக்குப் போனது.

நிறுத்தினான்.

நகல் எடுத்தான்.

பத்திரிகையை மூடப்போனபோது அண்ணி அவன் தோளைத் தொட்டாள். குனிந்து இன்னொரு முறை பார்த்துக்கொண்டாள்.

இரண்டு பெயர்களும் அப்படியே இருந்தன.