ஊசி சார் பொறுக்கிய பிளக்

"பிரிச்சுப் பார்க்காம எதையுமே வாங்க மாட்டீங்களா சார்?"

கேட்டே விட்டாள். மூன்று வாரமாக நாக்கு நுனியில் நின்ற கேள்வி.

கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் நின்றவர் தலையை நிமிர்த்தவில்லை. "அஞ்சே நிமிஷம்மா. முடிஞ்சுது."

கடை அவளுடைய அண்ணனுடையது. பறக்கவிடும் மாடல் விமானங்களும் அவற்றின் என்ஜின்களும் விற்கிற கடை. முழங்கால் ஆபரேஷன் முடிந்து அண்ணன் வீட்டில் காலை நீட்டிப் படுத்துவிட்டதால் இவள் பார்த்துக்கொள்கிறாள்.

புதுச் சரக்கு பிரிக்கிற சனிக்கிழமை வந்தால் போதும், இவர் ஆஜர். கையில் ஒரு பேட்டரி, சட்டைப்பையில் ஒரு தையல் ஊசி. அவள் வைத்த பெயர் 'ஊசி சார்'.

'ஜெட்' என்று எழுதிய பெட்டியைக் கேட்டு வாங்குவார். அதற்குள் சுண்டுவிரல் நுனி அளவில் குளோ பிளக்குகள். குட்டி ஜெட் என்ஜினுக்குள் வருகிற கேஸைப் பற்றவைப்பது இவைதான். ஒவ்வொன்றாகப் பிரிப்பார். பேட்டரியில் கொடுத்து, நுனியில் இருக்கும் கம்பிச்சுருள் சிவப்பதைக் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்ப்பார். ஆறியதும் ஊசியால் சுருளை நெம்பி, ஒரு நூல் அளவு வெளியே இழுத்துவிட்டுப் பெட்டியில் போடுவார். கடைசியில் ஒன்றோ இரண்டோ தனியே எடுத்துவைத்து, அதை மட்டும் வாங்கிக்கொண்டு போவார்.

"நல்லதையெல்லாம் பொறுக்கிட்டு நமக்குக் கழிசலை விட்டுட்டுப் போறார் அண்ணா" என்று போன வாரமே போனில் பொருமியிருந்தாள்.

"பழைய கஸ்டமர்மா. விட்டுடு."

அண்ணனுக்கு யாரிடமும் முகத்தை முறிக்கத் தெரியாது. அவளுக்கு அது நன்றாகவே வரும்.

கதவு திறந்தது. பஸ் ஓட்டுநர் சீருடையில் ஒரு பெண்மணி.

"ஜெட் என்ஜினுக்கு பிளக் வேணும். எது எடுக்கறதுன்னே தெரியல. இதான் என் முதல் ஜெட். எட்டு மாசமா லீவு நாள் பூரா உட்கார்ந்து நானே கட்டினது. நாளைக்குப் பறக்கவிடறேன்."

ஊசி சார் முந்திக்கொண்டார். "தடிக் கம்பியா பார்த்து எடுக்கணும். மெல்லிசுன்னா அந்தச் சூடு தாங்காது, அறுந்துடும். சுருள் கொஞ்சம் வெளியே நீட்டிட்டு இருக்கணும், அப்பதான் கேஸ் அதுமேல படும். இந்தப் பெட்டியில எதை எடுத்தாலும் சரியா இருக்கும்."

சொல்லிக்கொண்டே, தனியாக வைத்திருந்த ஒரு பிளக்கை நைசாகத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

அதைப் பார்த்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேச்சு மட்டும் தாராளம்!

லபக்கென்று அந்த பிளக்கை எடுத்தாள்.

"இந்தாங்கக்கா. இருக்கறதிலேயே இதுதான் பெஸ்ட். சார் அரை மணி நேரம் பார்த்துப் பொறுக்கினது."

"ஐயோ, அது வேண்டாம்மா!" ஊசி சார் பதறிப்போனார்.

"ஏன் சார், நல்லது உங்களுக்கு மட்டும்தான் வேணுமா? அக்காவுக்கு இது முதல் ஜெட்."

"அதனாலதான் சொல்றேன். கொடுத்துடும்மா. நான் எடுத்துட்டேன்ல?"

"இன்னும் பில் போடலையே!"

ஓட்டுநர் நெளிந்தார். "பரவாயில்லைங்க, சாரே எடுத்துக்கட்டும். எனக்கு வேற ஒண்ணு கொடுங்க."

"நீங்க சும்மா இருங்கக்கா. எப்படி எரியுதுன்னு பாருங்க." அவருடைய பேட்டரியையே இழுத்து, பிளக்கை அதன் கிளிப்பில் மாட்டினாள்.

சுருளின் அடிப்பக்கம் சிவந்தது. நுனி கறுப்பாகவே இருந்தது.

கழற்றி மறுபடி மாட்டினாள். அதே கதைதான்.

"பாதிதானே எரியுது?" என்றார் ஓட்டுநர்.

ஊசி சார் தலையைச் சொறிந்தார். "இப்படி இருந்தா கேஸ் உடனே பத்தாது. உள்ளயே சேர்ந்துட்டு, அப்புறம் குப்புன்னு பின்பக்கமா தீ வரும். போன வருஷம் ஒருத்தர் முதல் நாளே இப்படி வாலைக் கருக்கிட்டார். அதுக்கப்புறம் மைதானத்துப் பக்கமே வரலை. நாலு பேர் பறக்கவிட்டாதானே எனக்கும் நல்லாருக்கும்?"

அவள் பெட்டியிலிருந்து வேறொன்றை எடுத்து மாட்டினாள். சுருள் முழுக்க பளீரென்று ஆரஞ்சு. இன்னொன்று. அதுவும் அப்படியே. எல்லாச் சுருள்களும் அளந்து வைத்ததுபோல ஒரே அளவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

"அப்ப இத்தனை வாரமா நீங்க எடுத்துட்டுப் போனது..."

"பெட்டிக்கு ஒண்ணு ரெண்டு அப்படி வந்துடும்மா."

"அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்!"

"சொல்லலாம்தான். உன் அண்ணன் இதுவரைக்கும் வாங்கினவங்க ஒருத்தர் விடாம போன் போட்டு மன்னிப்பு கேட்க ஆரம்பிச்சுடுவார். அந்தக் காலோட அவருக்கு அது வேற தேவையா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஓட்டுநரும் சிரித்தபடி பெட்டியிலிருந்து ஒரு பிளக்கை எடுத்துக்கொண்டார்.

"நாளைக்கு எத்தனை மணிக்கு ஸ்டார்ட் பண்றீங்க? தீயணைக்கிற சிலிண்டரோட பக்கத்துல வந்து நிக்கிறேன்" என்றார் ஊசி சார்.

"ஒன்பது மணிக்கு. கண்டிப்பா வாங்க சார்."

ஓட்டுநர் போனதும் அவள் பெட்டியை அவர் பக்கம் தள்ளினாள். முகத்தைப் பார்க்கக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

"தப்பா நினைச்சுட்டேன் சார். இந்த அரைகுறை பிளக்கையெல்லாம் மாட்டி உங்க ஜெட் எப்படித்தான் ஸ்டார்ட் ஆகுதோ! இதுல நல்லதா ஒண்ணு எடுத்துக்குங்க. என் அன்பளிப்பு."

ஊசி சார் பேட்டரியைப் பைக்குள் வைத்தபடி சிரித்தார்.

"எனக்கு எதுக்கும்மா? என்னோடது புது மாடல். அதுல இந்த பிளக்கே கிடையாது."